நச்சுப்பாம்பு வளர்க்கச் சட்டம் இடம் தருமா?

"நச்சுப்பாம்பை வீட்டில் வளர்த்தால் குற்றமா?" பார்க்க ஒரே கேள்வி போலத்தான் இருக்கிறது. பிரித்தால் நான்கு. பாம்பு எங்கிருந்து எடுக்கப்பட்டது? எந்த எல்லையைத் தாண்டி வந்தது? யார் வைத்திருக்கிறார்? எந்த முகவரியில்? நான்குக்கும் வெவ்வேறு சட்டம், வெவ்வேறு அலுவலகம். ஒரு மேசையில் வாங்கிய கையெழுத்து அடுத்த மேசையில் செல்லாது. ஒன்றை மட்டும் விசாரித்துவிட்டு, மற்ற மூன்றும் அதிலேயே அடங்கிவிட்டது என்று நினைப்பதுதான் புதிதாக வருபவர் செய்யும் முதல் தவறு.

பிரிட்டனில் இயற்கையாக வாழும் ஒரே நச்சுப்பாம்பு ஆடர் என்ற சிறிய விரியன். அதைக் கொல்வதையும் காயப்படுத்துவதையும் விற்பதையும் 1981-ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டம் தடுக்கிறது. கையில் எடுப்பதைப் பற்றி அந்தச் சட்டம் வாய் திறக்கவில்லை. "அப்படியானால் எடுத்து வளர்க்கலாம்" என்று வீட்டுக்குக் கொண்டுபோனால், 1976-ஆம் ஆண்டின் ஆபத்தான வன விலங்குகள் சட்டம் வாசலிலேயே நிறுத்தும். உரிமம் இல்லாமல் ஒரு விரியனை வைத்திருப்பதே குற்றம். அது உள்ளூர்ப் பாம்பா வெளியூர்ப் பாம்பா என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை.

எந்தப் பாம்பு 'நச்சுப்பாம்பு'?

சட்டத்துக்குத் தேவை அறிவியல் பெயர். பெரும்பாலான நாடுகளின் பட்டியல் குடும்பம் குடும்பமாகவே இருக்கும். விரியன் குடும்பம் முழுவதும் ஒன்று. கிலுகிலுப்பைப் பாம்பு, குழிவிரியன் எல்லாம் இதற்குள் வந்துவிடும். நாகக் குடும்பம் இன்னொன்று. நல்ல பாம்பு, கட்டுவிரியன், மாம்பா, பவளப்பாம்பு, கடல்பாம்பு இதில் சேரும். பெயரில் விரியன் இருந்தாலும் கட்டுவிரியன் நாகக் குடும்பம்தான் என்பதைக் கவனியுங்கள். ஊர்ப்பெயரை நம்பி விண்ணப்பம் எழுதினால் இப்படித்தான் கால் இடறும்.

குழப்பம் வருவது பின்பல் பாம்புகளில். இவற்றுக்கு நச்சுப்பல் வாயின் பின்புறம் இருக்கும். பல இனங்களின் கடி வீக்கத்தோடு நின்றுவிடும். ஆனால் ஆப்பிரிக்காவின் பூம்ஸ்லாங் ஆளையே கொல்லும். 1957-இல் சிகாகோவில் ஊர்வனவியலாளர் கார்ல் ஷ்மிட் ஓர் இளம் பூம்ஸ்லாங் கடித்து மறுநாளே இறந்தார். அவ்வளவு தெரிந்தவரே அந்தக் கடியைக் குறைத்து மதிப்பிட்டார். அதனால்தான் பிரிட்டனின் பட்டியலில் பூம்ஸ்லாங்கும், சில ஆசிய நீர்ப்பாம்பு வகைகளும் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. உங்கள் பாம்பு பின்பல் வகை என்றால், "பொதுவாக ஆபத்தில்லை" என்ற விற்பவரின் பேச்சை விட்டுவிட்டுப் பட்டியலில் அதன் பெயரைத் தேடுங்கள்.

பெயரே மாறுவதும் உண்டு. ஒரே இனம் என்று நெடுங்காலம் கருதப்பட்ட ராஜநாகத்தை 2024-இல் வெளியான ஆய்வு நான்கு இனங்களாகப் பிரித்தது. இனி ஒருவரது உரிமத்தில் பழைய பெயரும், விற்பனை ரசீதில் புதிய பெயரும் இருக்கக்கூடும். சோதனைக்கு வரும் அதிகாரியின் கண்ணுக்கு அது 'உரிமம் இல்லாத இனம்'. இரண்டு பெயரையும் எல்லா ஆவணத்திலும் சேர்த்தே எழுதி வைப்பது நல்லது.

நச்சுப்பையை அறுவைச் சிகிச்சையில் அகற்றிய பாம்பு என்று விற்கப்படுவதை நம்பி உரிமத்தைத் தவிர்க்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். இனத்தின் பெயரால் பட்டியலிடும் சட்டத்துக்கு அந்தப் பாம்பின் வாயில் என்ன இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. போதாததற்கு, அறுவை சரியாக முடியாவிட்டால் நஞ்சு மறுபடி சுரக்கும். தேவையில்லாத இந்த அறுவையே சில இடங்களில் விலங்கு வதையாகக் கருதப்படும்.

காட்டிலிருந்து எடுப்பது

இந்தியாவில் இந்த வாசல் ஏறக்குறைய முழுதாக மூடியிருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், அட்டவணைகளில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவதை 9-ஆம் பிரிவில் தடை செய்கிறது. வேட்டை என்றால் துப்பாக்கி மட்டும் இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, பிடிக்க முயல்வதுகூட அந்தச் சொல்லுக்குள் அடக்கம். கையில் வந்த உயிரினம் அரசின் சொத்தாகிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். முதல் அட்டவணை உயிரினம் என்றால் தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். அட்டவணைகள் 2022-இன் திருத்தத்தில் அடியோடு மாற்றி எழுதப்பட்டன. அதற்கு முந்தைய புத்தகத்தைப் பார்த்து 'இது இரண்டாம் அட்டவணைதானே' என்று சொல்வது ஆபத்து.

அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு ஒரு சிறிய சன்னலைத் திறந்து வைத்திருக்கிறது: உயிர்காக்கும் மருந்துக்காக நஞ்சு எடுப்பது. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இந்த வழியில்தான் இயங்குகிறது. எந்த இனம், எத்தனை என்று அரசு வரையறுத்த எண்ணிக்கைக்குள் பிடித்து, சில வாரங்கள் வைத்து, நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். அனுமதி வேலைக்குத்தான், பாம்பு யாருக்கும் சொந்தமாவதில்லை. வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடித்துக் கொண்டுபோய் விடும் மீட்பாளருக்கும் இதே நிலை. பிடிக்க அனுமதி இருக்கலாம், வைத்துக்கொள்ள இல்லை.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறும். அரிசோனாவில் வேட்டை உரிமம் இருந்தால் சில வகைக் கிலுகிலுப்பைப் பாம்புகளை இனத்துக்கு ஆண்டுக்கு 4 வரை எடுக்கலாம். மலைமுகட்டில் வாழும் அரிய வகைகளைத் தொடவே கூடாது. வேடிக்கை என்னவென்றால், உள்ளூர்க் கிலுகிலுப்பைப் பாம்பை வேட்டை உரிமத்தில் வைத்திருக்க முடிந்தவர், அதே வீட்டில் ஒரு வெளிநாட்டு நாகத்தை வைக்கச் சிறப்பு அனுமதி இல்லாமல் முடியாது. டெக்சாஸில் சாலையோரத்தில் பாம்பு தேடுபவர் வேட்டை உரிமத்தோடு ஊர்வனவற்றுக்கான முத்திரையும் வாங்கி, ஒளி எதிரொளிக்கும் மேலாடையும் போட்டிருக்க வேண்டும். ஆஸ்திரேலியா நேர் எதிர்: உள்நாட்டுப் பாம்பை உரிமத்தோடு வளர்க்கலாம், ஆனால் காட்டிலிருந்து எடுக்கக் கூடாது, உரிமம் உள்ள இன்னொருவரிடமிருந்துதான் வாங்க வேண்டும். வெளிநாட்டுப் பாம்பு தனியாருக்கு அறவே கிடையாது. நியூசிலாந்தும் ஹவாயும் நஞ்சு இருக்கிறதா இல்லையா என்றே கேட்பதில்லை. பாம்பு என்றாலே தடை.

எல்லை தாண்டும்போது

நாடு விட்டு நாடு போகும் பாம்புக்கு முதலில் பார்க்க வேண்டியது சைட்டிஸ். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1973-இல் கையெழுத்தாகி 1975-இல் நடைமுறைக்கு வந்த இந்தப் பன்னாட்டு உடன்படிக்கைக்கு மூன்று பட்டியல்கள். முதல் பட்டியலில் இருந்தால் இறக்குமதி செய்யும் நாடு, ஏற்றுமதி செய்யும் நாடு இரண்டின் அனுமதியும் வேண்டும். ஐரோப்பாவின் ஓர்சினி விரியன் அங்கே இருக்கிறது. இரண்டாம் பட்டியலுக்கு ஏற்றுமதி அனுமதி போதும். நல்ல பாம்பும் ராஜநாகமும் இதில். மூன்றாவது, ஏதாவது ஒரு நாடு தன் பாம்பைக் காக்க உதவி கேட்டுச் சேர்ப்பது. கண்ணாடி விரியனை இந்தியா அப்படிச் சேர்த்தது. ஆனால் சைட்டிஸ் சொல்வது குறைந்தபட்சம்தான். எந்த நாடும் அதைவிடக் கடுமையாக இருக்கலாம், பல நாடுகள் இருக்கின்றன.

அனுமதிச்சீட்டில் ஒற்றை எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும்; பாம்பின் பிறப்பு அதில்தான் தெரியும். 'டபிள்யூ' என்றால் காட்டில் பிடித்தது, 'சி' என்றால் கூண்டிலேயே வளர்ந்த பெற்றோருக்குக் கூண்டில் பிறந்தது, 'எஃப்' என்றால் கூண்டில் பிறந்தாலும் 'சி'க்கான நிபந்தனைகளை நிறைவு செய்யாதது. காட்டிலிருந்து வந்த கருவுற்ற தாய் பெட்டிக்குள் குட்டி போட்டால் அது 'சி' ஆகாது. இந்த ஒரு எழுத்தை மாற்றி எழுதுவதுதான் பாம்பு வணிகத்தின் பழைய திருட்டு. வாங்குபவர் தாயின் ஆவணத்தையும் கேட்க வேண்டும். ஏற்றுமதிச் சீட்டு 6 மாதம் வரைதான் செல்லும். விமானம் தள்ளிப்போய் ஒரு நாள் கடந்தாலும் சுங்கத்தில் அது வெறும் காகிதம். "என் சொந்த உடைமை" என்ற சலுகை உயிருள்ள விலங்குக்குப் பொருந்தாது.

ஒரே நாட்டுக்குள்ளும் எல்லை உண்டு. அமெரிக்காவின் 1900-ஆம் ஆண்டு லேசி சட்டப்படி, ஒரு மாநிலத்தின் விதியை மீறி எடுத்த பாம்பை அடுத்த மாநிலத்துக்குக் கொண்டுபோனால் சிறிய மாநிலக் குற்றம் கூட்டாட்சிக் குற்றமாக வளர்ந்துவிடும். அங்கே அஞ்சலில் பாம்பு அனுப்பவே முடியாது.

உரிமம்: என்ன கேட்பார்கள்?

பிரிட்டனில் உரிமம் தருவது உள்ளூராட்சி மன்றம். விண்ணப்பதாரருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். கால்நடை மருத்துவர் இடத்தைப் பார்த்து அறிக்கை தர வேண்டும். அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு வேண்டும். இனம், எண்ணிக்கை, முகவரி மூன்றும் உரிமத்திலேயே எழுதப்படும். இரண்டு ஆண்டு ஆனதும் மறுபடி. இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் உரிமம் செல்லாமல் போகலாம் என்பதுதான் நினைவில் வைக்க வேண்டியது. வீடு மாறுபவர் பாம்புப் பெட்டியைச் சாமானோடு வண்டியில் ஏற்றிவிட்டு, பிறகு முகவரி மாற்றம் எழுதிக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. புதிய அறை தயாராகி, அதை ஆய்வு செய்து, புது உரிமம் கைக்கு வந்த பிறகே பாம்பு நகர வேண்டும்.

எண்ணிக்கையில் வழுக்குபவர்கள் இன்னும் அதிகம். விரியன்களில் பல குட்டி போடும் இனங்கள், அதுவும் கொத்தாக. ஆப்பிரிக்காவின் பஃப் விரியன் ஒன்று செக் நாட்டு விலங்குக் காட்சிசாலையில் ஒரே ஈற்றில் 156 குட்டிகள் போட்டது பதிவாகியிருக்கிறது. அது உச்சம் என்றாலும் 20, 40 சாதாரணம். பெண் பாம்புகள் விந்தை உடலில் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கவும் கூடும். நெடுநாளாக ஆண் பாம்பையே பார்க்காத பாம்பு திடீரென ஈன்றுவிடும். இரண்டு பாம்புக்கு உரிமம் வைத்திருந்தவர் காலையில் எழுந்தால் நாற்பதுக்குச் சொந்தக்காரர், முப்பத்தெட்டுக்கு உரிமம் இல்லை. விண்ணப்பிக்கும்போதே பெண் பாம்பு என்றால் குட்டிகளுக்கு என்ன ஏற்பாடு, எத்தனை நாளில் யாரிடம் போகும் என்று எழுதி நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஃபுளோரிடா காப்பீட்டைவிட அனுபவத்தை அழுத்திக் கேட்கிறது: குறைந்தது ஓர் ஆண்டில் பரந்த 1,000 மணி நேரம் கையாண்ட அனுபவம், அதுவும் அதே குடும்பத்துப் பாம்பில். வாரம் 10 மணி நேரம் ஒதுக்கினால் ஏறத்தாழ இரண்டு ஆண்டு. கிலுகிலுப்பைப் பாம்போடு கழித்த மணிகள் நாகத்துக்குக் கணக்கில் வராது. உரிமம் இல்லாமல் சொந்தமாக வைத்துப் பழகவும் முடியாது. ஆகவே உரிமம் உள்ள ஒருவரிடம் போய்க் கூண்டு கழுவித்தான் ஆரம்பிக்க வேண்டும். தேதி, நேரம், இனம், செய்த வேலை, மேற்பார்த்தவர் கையெழுத்து என்று முதல் நாளிலிருந்தே பதிவேடு வைக்காதவர், கடைசியில் மணிக்கணக்கை நினைவிலிருந்து எழுதி மறுக்கப்படுவார். என் பார்வையில் மற்ற எல்லா விதிகளையும்விட அறிவுள்ள விதி இதுதான். ஆசையில் வந்தவர்கள் இருநூறு மணி நேரத்துக்குள் தாமாகவே கழன்றுகொள்வார்கள்.

வடக்கு கரோலினா இன்னொரு வகை. அங்கே மாநில அளவில் உரிமமே கிடையாது. ஆனால் கூண்டு தப்ப முடியாததாக, கடிக்க முடியாததாக, பூட்டோடு இருக்க வேண்டும். கூண்டின் மேல் 'உள்ளே நச்சு ஊர்வன' என்று எழுதி, அறிவியல் பெயர், பொதுப் பெயர், உரிய விஷமுறிவு மருந்து, உரிமையாளர் விவரம் ஒட்ட வேண்டும். பாம்பு தப்பினால் உடனே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். உரிமம் இல்லை என்பதற்கு விதி இல்லை என்று பொருள் இல்லை.

அறையும் கூண்டும்

'கடிக்க முடியாத கூண்டு' என்பது விசித்திரமான சொல்லாகத் தெரியலாம். காற்றோட்டத்துக்கு ஒற்றை வலை அடித்தால் அதன் வழியே விரியனின் நீண்ட பல் வெளியே வரும். துப்பும் நாகத்தின் நஞ்சும் வரும். இடைவெளி விட்டு இரட்டை வலை அடிப்பது அதற்காக. நகரும் கண்ணாடிக் கதவு என்றால் இரண்டு கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் ஒரு சந்து இருக்கும். பெரிய பாம்பு அதில் நுழையாது. பென்சில் பருமனுள்ள குட்டி நுழையும். கூண்டைச் சூடாக வைக்கும் விளக்குக்கான மின்கம்பி நுழையும் துளையும் அப்படித்தான், அனுபவமுள்ள ஆய்வாளரின் விரல் முதலில் போகும் இடம் அது.

கூண்டு பூட்டு ஒன்று, அறைப் பூட்டு இன்னொன்று. ஒன்று தோற்றால் மற்றது தாங்க வேண்டும். அறைக் கதவில் பார்க்கும் கண்ணாடி, அடியில் சந்து இல்லாத நிலை, உள்ளே ஒளிந்துகொள்ளப் பரண், அலமாரி, துணிமூட்டை எதுவும் இல்லாத வெற்றுத் தரை. கூண்டுக்குள் மறைவுப் பெட்டி ஒன்று, வெளியிலிருந்தே கொக்கிக் கம்பியால் அதன் வாயை மூடக்கூடியதாக இருந்தால், பாம்பைத் தொடாமலே சுத்தம் செய்யலாம். சட்டம் இதைப் பல இடங்களில் கட்டாயமாக்கவில்லை. ஆனால் ஆய்வு அறிக்கை எழுதும் மருத்துவருக்கு அது ஒன்றே பாதி நம்பிக்கை தரும்.

வெளியே கொண்டுபோக: நெருக்கமாக நெய்த கெட்டித் துணிப்பை, வாய் கட்டியது, அது கெட்டிப் பெட்டிக்குள், காற்றுத் துளைகளுக்கு வலை, பெட்டிக்குப் பூட்டு, வெளியே எச்சரிக்கை எழுத்து. ஃபுளோரிடாவில் இது அப்படியே விதி. பையை மட்டும் கையில் தூக்கிப் போனால் துணி வழியாகவே கடி விழும்.

விஷமுறிவு மருந்தும் சட்டமும்

பாம்புக்கு உரிமம் வாங்கியவர் மறக்கும் இன்னொரு உரிமம் மருந்துக்கானது. விஷமுறிவு மருந்து ஒவ்வொரு இனத்துக்கும், சில வேளை ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் வேறு. இந்தியக் கூட்டு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும்தான். ராஜநாகத்துக்கு அதை நம்ப முடியாது. வெளிநாட்டுப் பாம்பு வைத்திருப்பவருக்கு உள்ளூர் மருத்துவமனையில் மருந்து இருக்காது. அந்த நாட்டில் பதிவு பெறாத மருந்தை இறக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் தனி அனுமதி வேண்டும். அமெரிக்காவில் அது 'ஆய்வு நிலை மருந்து' என்ற வகையில் வரும், விலங்குச் சீரம் என்பதால் வேளாண் துறையும் கேட்கும். திரவ மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இந்தியாவில் தொடக்க அளவே வழக்கமாக 8 முதல் 10 குப்பி. ஒரு குப்பியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர் கணக்குத் தெரியாதவர். காலாவதித் தேதி கடந்தால் மறுபடி வாங்க மறுபடி அனுமதி.

கடி நடந்தால் என்ன செய்வது என்ற தாளை அறைக் கதவின் வெளிப்புறம் ஒட்ட வேண்டும். பாம்பின் அறிவியல் பெயர், மருந்தின் பெயர், அது எங்கே இருக்கிறது, மருத்துவமனை, நச்சுத் தகவல் மையத்தின் எண், உரிமையாளரின் ஒவ்வாமை. நோயாளியோடு மருத்துவமனைக்குப் போக இன்னொரு படி. உள்ளே ஒட்டினால் பயனில்லை. மீட்க வருபவர் அந்த அறைக்குள் நுழையக் கூடாது.

நகராட்சி, வீட்டுக்காரர், அக்கம்பக்கம்

மேலே உள்ள சட்டம் அனுமதித்தாலும் கீழே உள்ளது தடுக்கலாம். வடக்கு கரோலினாவின் ராலே நகரில் 2021-இல் ஒரு நாகம் குடியிருப்புப் பகுதியில் தென்பட்டது. மாதக்கணக்கில் காணாமல் போயிருந்தும் யாருக்கும் சொல்லப்படவில்லை. உரிமையாளர் மீது வழக்கு. அடுத்த ஆண்டே நகர மன்றம் ஆபத்தான விலங்குகளைப் புதிதாக வளர்ப்பதைத் தடை செய்தது. ஜெர்மனியில் ஹெர்னே நகரில் 2019-இல் நாகம் தப்பி அடுத்தடுத்திருந்த வீடுகளையே காலி செய்ய நேர்ந்தது. அதன்பின் வடரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலம் 2021 சனவரி முதல் புதிதாக நச்சு விலங்கு வாங்குவதையே மூடிவிட்டது. ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் பதிவு செய்தால் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான தடைச் சட்டங்கள் பிறப்பது இப்படி, யாரோ ஒருவர் பூட்ட மறந்த ஒரு கூண்டிலிருந்து. அப்போது பதிவேட்டில் பெயர் இருந்தவர்களுக்கே சலுகை கிடைக்கும்.

வாடகை ஒப்பந்தத்தில் 'செல்லப்பிராணி கூடாது' என்ற வரி, வீட்டுக் காப்பீட்டில் 'ஆபத்தான விலங்கு நீங்கலாக' என்ற வரி, இரண்டையும் படித்துவிடுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு அறையின் வரைபடம் கொடுத்து வைப்பது பல இடங்களில் கட்டாயம் இல்லை. ஆனால் புகை நிறைந்த வீட்டுக்குள் தெரியாமல் நுழைபவர் அவர்கள்தான்.

கைவிட நேர்ந்தால்

வெளியே விடுவது வழியே இல்லை. அந்த நாட்டுக்கு உரியதல்லாத விலங்கை வெளியில் விடுவது பிரிட்டனில் தனிக் குற்றம். வேறு பல நாடுகளிலும் அப்படியே. உரிமம் உள்ளவருக்கு, எழுத்து மூலம், இரு பக்கப் பதிவேட்டிலும் ஏறும்படி மாற்றிக் கொடுக்கலாம். உரிமமே இல்லாமல் வைத்திருந்து மாட்டிக்கொண்டால் பிரிட்டனில் உள்ளாட்சி பாம்பைப் பறிமுதல் செய்யலாம், கொல்லவும் செய்யலாம். இழப்பீடு கிடையாது, ஆன செலவை உரிமையாளரிடமே வசூலிக்கும். ஹவாயில் தாமாகக் கொண்டுவந்து ஒப்படைப்பவருக்கு வழக்கு இல்லை என்ற மன்னிப்பு ஏற்பாடு இருக்கிறது.

உரிமையாளர் இறந்துபோனால்? பிரிட்டன் சட்டத்தில் இதற்கும் ஒரு வரி இருக்கிறது: உரிமம் 28 நாள் அவரது வாரிசுப் பொறுப்பாளர் பெயரில் தொடரும், அதற்குள் புதிய விண்ணப்பம் போட வேண்டும். சாவி எங்கே இருக்கிறது, எந்தக் கூண்டில் எது இருக்கிறது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிய ஒரு தாள் வீட்டாரிடம் இல்லையென்றால், அந்த 28 நாளில் முதல் வாரம் அதைத் தேடுவதிலேயே போய்விடும்.